பியூஸ் கட்டை மடியில், மீட்டர் கையில்

மோட்டார் கொட்டகை: கேள்வி பதில்

"என் மகன் ஐ.டி.ஐ-யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் முதல் வருஷம் படிக்கிறான். சந்தையில் மஞ்சள் கலர் மீட்டர் ஒன்றை வாங்கி வந்து, மோட்டார் ஓடாதபோதெல்லாம் ஸ்டார்டர் பெட்டியைத் திறந்து அதன் ஊசிகளை வைத்து வைத்துப் பார்க்கிறான். அவன் அப்பா திருப்பூரில் வேலையில் இருக்கிறார். நானும் அவனும்தான் இரண்டு ஏக்கர் மரவள்ளியைப் பார்த்துக்கொள்கிறோம். வயர்மேனைக் கூப்பிட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறார். அதற்குள் பயிர் வாடிவிடுகிறது. எங்கள் பக்கத்துக் காட்டில் போன வருஷம் ஒருவர் மோட்டார் கொட்டகையிலேயே ஷாக் அடித்து இறந்துபோனார். அதிலிருந்து இவன் பெட்டியைத் திறந்தாலே எனக்குக் கை கால் நடுங்குகிறது. தடுப்பதா, விடுவதா? 5 குதிரைத்திறன் சப்மெர்சிபிள், மும்முனை, போனில் ஆன் செய்யும் ஸ்டார்டர். இருமுனையில் ஓட்டக் கண்டென்சரும் போட்டிருக்கிறோம்."
*– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்*

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால், தடுத்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் திறப்பான். அதைவிட, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது ஒழுங்காகத் திறக்கட்டும். இந்தப் பதிலில் பாதி உங்களுக்கு, பாதி தம்பிக்கு. இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வீட்டு பிளக்கில் இருப்பது 230 வோல்ட். மோட்டார் பெட்டியில் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 415 வோல்ட். ஈரக்கையும் ஈரக்காலுமாக நிற்கிற மனிதரின் உடம்பு சுமார் 1,000 ஓம் தடைதான் கொடுக்கும். அப்படியானால் 230 வோல்ட்டிலேயே 230 மில்லி ஆம்பியர் உடம்பு வழியாகப் பாயும். உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. எனும் கசிவு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியருக்கே விழும்படி செய்யப்பட்டிருக்கிறது என்றால், மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, அந்தக் கசிவு சுவிட்ச்சும் எல்லா நேரமும் காப்பாற்றாது. தம்பி இரண்டு கையிலும் இரண்டு ஊசியைப் பிடித்து, விரல் நழுவி இரண்டு பேஸையும் தொட்டுவிட்டால், கரண்ட் ஒரு கை வழியாக வந்து நெஞ்சைக் கடந்து மறு கை வழியாகப் போகும். பூமிக்கு எதுவும் கசியவில்லை. அதனால், அந்த சுவிட்ச்சுக்கு அது சாதாரண லோடு மாதிரிதான் தெரியும், விழாது.

நல்ல செய்தியும் உண்டு. மோட்டார் ஓடாததற்கான காரணங்களில் நிறையவற்றைக் கரண்ட் இல்லாமலேயே கண்டுபிடித்துவிடலாம். பியூஸ் கம்பி போயிருக்கிறதா, ஸ்டார்டர் காயில் அறுந்திருக்கிறதா, கேபிளில் எங்காவது துண்டா, ஓவர்லோடு ரிலேயின் தொடர்பு விட்டிருக்கிறதா, இதெல்லாம் மெயினை இறக்கிவிட்டு ஓம் அளவில் பார்க்கிற வேலை. கரண்ட் இருக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மூன்று பேஸும் ஒழுங்காக வருகிறதா என்பது. தம்பி, இந்த வரிசையை மாற்றாதே. முதலில் ஆஃப் வேலை முழுவதையும் முடி. கடைசியில்தான் ஆன்.

ஆஃப் என்றால் என்ன?

உங்கள் வீட்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் போன் ஸ்டார்டர் இருக்கிறது. நீங்கள் சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்தினாலும், திருப்பூரில் இருந்து அவன் அப்பா, 'தண்ணி பாய்ஞ்சிருச்சா பார்ப்போம்' என்று ஒரு கால் போட்டால் மோட்டார் ஓடத் தொடங்கும். ஆட்டோவில் இருந்தால் மும்முனை வந்ததும் தானாகவே ஓடும். இரவில் நின்ற கரண்ட் எந்த நிமிஷம் வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியில் கை வைப்பதுதான் பாதுகாப்பு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிட ஆபத்தான நேரம் வேறு இல்லை.

எனவே ஸ்டார்டரை ஆட்டோவில் இருந்து எடுங்கள். மெயின் சுவிட்ச் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். கை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பீங்கான் பியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். இது உங்கள் வேலை அம்மா, தம்பியின் வேலை இல்லை. கட்டை உங்கள் மடியில் இருக்கும்வரை எந்த போன் காலும் அந்த மோட்டாரை ஓட்ட முடியாது. திருப்பூருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மெயினை இறக்கிய பிறகும், மின்வாரிய மீட்டரில் இருந்து வந்து மெயின் சுவிட்ச்சுக்குள் நுழைகிற முனைகளில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பக்கம் கை வைக்கவோ, ஊசி வைக்கவோ வேண்டாம்.

மீட்டரை முதலில் சோதி

கரண்ட் இல்லை என்று மீட்டர் காட்டுகிறது. ஆனால், மீட்டரின் பேட்டரி செத்திருக்கலாம், வயர் உள்ளே அறுந்திருக்கலாம். அப்போதும் அது பூஜ்யம்தான் காட்டும். பலரை ஏமாற்றுகிற பூஜ்யம் இது. அதனால் தொழில் தெரிந்தவர்கள் மூன்று முறை பார்ப்பார்கள். கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து மீட்டர் காட்டுகிறதா என்று ஒரு முறை. ஆஃப் செய்த இடத்தில் ஒரு முறை. திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்தில் ஒரு முறை. நடுவில் மீட்டர் செத்துப்போகவில்லை என்பதற்கு அந்த மூன்றாவது பார்வை சாட்சி.

கொட்டகையில் இதைச் சுலபமாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. ரப்பர் உறை போட்ட முதலை வாய் கிளிப் இரண்டு வாங்கி மீட்டர் ஊசிகளில் செருகிக்கொள்ளுங்கள். மெயின் ஆஃபில், ஸ்டார்டருக்குள் நுழைகிற மூன்று முனைகளில் இரண்டில் கிளிப்பை மாட்டுங்கள். மாட்டும்போது கரண்ட் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, உறையை மட்டும் பிடித்து, ஒரு நேரத்துக்கு ஒரு கிளிப், ஒரே கையால். மீட்டரைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு பலகை மேல் வையுங்கள். பெட்டியை விட்டு ஓரமாகத் தள்ளி நில்லுங்கள். இப்போது அம்மா மெயினை ஏற்றட்டும்: 415-க்குப் பக்கத்தில் காட்டும். இறக்கட்டும்: பூஜ்யம். மறுபடி ஏற்றட்டும், இறக்கட்டும். மீட்டர் நான்கு முறையும் சரியாகச் சொன்னால், கட்டையைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்று பேஸையும் பார்ப்பதும் இதே முறைதான். ஆஃபில் மாட்டு, ஆனில் பார், ஆஃபில் கழற்று. கிளிப்பை மாற்றி மாற்றி மூன்று ஜோடியையும் பார்த்துவிடலாம். கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் கையை விடவே தேவையில்லை. ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சிவப்பு வயர் எந்தத் துளையில்?

இனி அந்த மஞ்சள் மீட்டர். அதில் மூன்று துளைகள் இருக்கும். கறுப்பு வயர் எப்போதும் 'காம்' என்று போட்ட துளையில். சிவப்புக்கு இரண்டு இடம்: ஒன்று வோல்ட், ஓம் பார்க்க, இன்னொன்று 10 ஆம்பியர் துளை. மோட்டார் கொட்டகையில் அந்த 10 ஆம்பியர் துளையால் உனக்கு ஒரு உபயோகமும் கிடையாது, தம்பி. ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி இன்றைக்கே மூடிவிடு.

காரணம் இதுதான். ஆம்பியர் துளைக்கும் காம் துளைக்கும் நடுவே மீட்டருக்குள் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு. தடை என்று சொல்ல எதுவுமே இல்லை. யாரோ பேட்டரி கரண்ட் பார்த்துவிட்டுச் சிவப்பு வயரை அதிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த நாள் நீ வோல்ட் பார்க்க இரண்டு பேஸில் ஊசியை வைக்கிறாய். நீ வைத்தது மீட்டரை அல்ல, ஒரு ஷார்ட் கம்பியை. மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்குப் பியூஸே கிடையாது. துளைக்குப் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அப்படி அச்சடித்தும் இருப்பார்கள். ஊசி முனை உருகித் தெறிக்கும், மீட்டர் கையிலேயே வெடிக்கும், முகமும் கண்ணும் வெந்துபோகும். டயல் எங்கே இருந்தாலும் இது நடக்கும். அதனால் ஊசியை வைக்கும் முன், துளையைப் பார், டயலைப் பார், பிறகு ஊசி. டயல் எப்போதும் ஏ.சி. வோல்ட்டில் இருப்பதிலேயே பெரிய அளவில் தொடங்கட்டும். ஓம் அளவில், பீப் சத்தத்தில் வைத்துக்கொண்டு கரண்ட் உள்ள இடத்தைத் தொடக் கூடாது.

மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமா? டாங் டெஸ்டர் வாங்குங்கள். வயரைச் சுற்றி வாயைக் கவ்வினால் போதும். எதையும் கழற்ற வேண்டாம், எந்த முனையையும் தொட வேண்டாம். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழு லோடில் சுமார் 7, 8 ஆம்பியர் இழுக்கும். ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். டெஸ்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

ஊசியும் வயரும்

எல்லோரும் மீட்டர் விலையைப் பேசுகிறார்கள். ஆளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் வயரில் இருந்துதான். கொட்டகையில் தொங்கவிட்ட வயரை எலி கடித்திருக்கும். பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஊசியின் பின்பக்கம், வயர் நுழைகிற இடம்தான் முதலில் விடும். ஒவ்வொரு முறையும் வயரை விரல்களுக்கு நடுவே வளைத்துக்கொண்டே போய்ப் பார். உள்ளே செம்பு தெரிந்தால், வெள்ளை உறை தெரிந்தால், குப்பையில் போடு. டேப் சுற்றி ஓட்டாதே. பிறகு ஓம் அளவில் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடி. அரை ஓமுக்குள் நிலையாக நிற்க வேண்டும். வயரை ஆட்டும்போது எண் குதித்தால் உள்ளே அறுந்திருக்கிறது.

ஊசியின் உலோக முனை எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று பார். மலிவு ஊசியில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் மொட்டையாக நிற்கும். ஸ்டார்டரில் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் அந்த அளவு இடைவெளிகூட இருக்காது. கை நழுவினால் ஊசியே இரண்டு பேஸுக்கும் பாலம் போட்டுவிடும். அதனால்தான் மின் பெட்டிகளில் பயன்படுத்துகிற ஊசிக்கு வெளியே தெரிகிற உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சர்வதேசத் தரம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஊசிகளில் அதற்கென்று ஒரு மூடி வரும். அதைத் தொல்லை என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். மூடி இல்லாவிட்டால், சூடு காட்டினால் சுருங்கும் இன்சுலேஷன் ஸ்லீவை முனை மட்டும் தெரியும்படி ஏற்றலாம். சைக்கிள் வால்வ் டியூபை மாட்டுகிறவர்களும் உண்டு. அதை 415 வோல்ட்டுக்கு நான் நம்ப மாட்டேன். பிடிக்கும்போது ஊசியில் இருக்கும் வளையத் தடுப்பைத் தாண்டி விரல் முன்னே போகக் கூடாது.

புது மீட்டர் வாங்கினால், வயர் மேலும் மீட்டர் மேலும் 'கேட் 3, 600 வோல்ட்' என்று குறித்திருப்பதாகப் பாருங்கள். பெரும்பாலும் ரோமன் எண்ணில் போட்டிருப்பார்கள். மின் பெட்டிக்கு அது தேவை. கம்பத்தில் இருந்து வரும் சர்வீஸ் லைன், கிணற்று மோட்டாருக்குப் போகும் லைன் இவற்றுக்கு 'கேட் 4' என்றே பிரித்திருக்கிறார்கள். இடி மின்னலும் சுவிட்ச்சு அதிர்வும் லைனில் அனுப்புகிற ஆயிரக்கணக்கான வோல்ட் துள்ளலைத் தாங்குகிறதா என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மீட்டரும் வயரும் வேறு வேறு குறியீட்டில் இருந்தால், குறைவானதுதான் கணக்கு. 200, 300 ரூபாய் மீட்டரிலும் இந்த முத்திரையை அச்சடித்துவிடுகிறார்கள். முதுகைத் திறந்து பாருங்கள். உள்ளே கண்ணாடி பியூஸ் சின்னதாக ஒன்று இருந்தால் அது வெறும் அச்சு. பீங்கான் உடம்புள்ள தடித்த பியூஸ் இருப்பதுதான் நம்பத் தகுந்தது. இப்போதிருக்கிற மஞ்சள் மீட்டர் வீணாகிவிடவில்லை. பேட்டரி பார்க்க, ஆஃபில் தொடர்பு பார்க்க அது போதும்.

கண்டென்சர்

நீங்கள் இருமுனைக்குக் கண்டென்சர் போட்டிருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மெயினை இறக்கி, கட்டையை மடியில் கட்டிய பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கலாம். சில இணைப்புகளில் மோட்டார் காயில் வழியாகத் தானே இறங்கிவிடும். ரிலே நடுவில் பிரித்துவிட்டால் இறங்காது. அதைவிட மோசம், தங்கியிருப்பது டி.சி. நீ மீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டும், தொட்டால் தூக்கியடிக்கும். டயலை டி.சி. பெரிய அளவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து 'டப்' என்று இறக்குவது நம் ஊர் வழக்கம். தீப்பொறி கண்ணில் தெறிக்கும், கண்டென்சரும் பாழ். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கி, அதன் இரண்டு காலிலும் நன்றாக உறை போட்ட வயரும் கிளிப்பும் பற்ற வைத்துக்கொள். 100 மைக்ரோ ஃபேரட் கண்டென்சரை அது ஐந்தாறு விநாடியில் இறக்கிவிடும். நீ இருபது எண்ணு. பிறகு டி.சி.யில் பார். ஒன்றுக்கு மேற்பட்ட கண்டென்சர் இருந்தால் ஒவ்வொன்றாக.

உங்கள் இடம், அம்மா

அவன் வேலை செய்யும்போது நீங்கள் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். பேச்சுக் கொடுக்க வேண்டாம். காய்ந்த மூங்கில் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஏதாவது ஆகிவிட்டால் அவனைத் தொடாதீர்கள். எவ்வளவு பதறினாலும் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள், இறக்க முடியாவிட்டால் மூங்கிலால் தள்ளி விடுவியுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துவதை நிறுத்தக் கூடாது. இதை ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் செருப்போ ஷூவோ ரப்பர் அடியுடன், காய்ந்ததாக, கால் கீழே ஒரு பலகையும் இருக்கட்டும். தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த ஈர லுங்கியோடு பெட்டியைத் திறக்க வேண்டாம். வெள்ளி அரைஞாண், கைச் செயின், மோதிரம் எதுவும் வெளியே தொங்கக் கூடாது. கம்பத்து பியூஸ், டிரான்ஸ்பார்மர் பியூஸ் பக்கம் அவன் போகவே கூடாது. ஊரில் நாலு பேர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்வான். அது மின்வாரிய ஊழியரின் வேலை. வேறு யார் தொட்டாலும் சட்டப்படியும் தப்பு. காயில் மாற்றுவது, வயரிங் மாற்றுவது போன்றவற்றை உரிமம் உள்ள வயர்மேன் செய்யட்டும். ஆனால், என்ன கோளாறு என்று தம்பி முன்கூட்டியே கண்டுபிடித்துப் போனில் சொல்லிவிட்டால், அவர் சரியான சாமானோடு ஒரே நடையில் வந்து முடித்துவிடுவார். உங்கள் மரவள்ளிக்கு அதுவே பெரிய லாபம்.

"மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. டெஸ்டரை வைத்தால் மூன்று பேஸிலும் எரிகிறது. மோட்டார்தான் போய்விட்டது, ரீவைண்டிங் கொடுங்கள் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?"
*– ஒரு வாசகர், பொள்ளாச்சி*

பொறுங்கள். உறுமுகிறது என்றாலே ஒரு பேஸ் இல்லையோ என்றுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். ஆன் ஆகியிருக்கும்போது, வராத பேஸின் முனையிலும் டெஸ்டர் எரியும். மற்ற இரண்டு பேஸின் கரண்ட் மோட்டார் காயிலுக்குள் சுற்றிக்கொண்டு அந்த முனைக்குத் திரும்பி வருகிறது. டெஸ்டர் எரிவதற்குச் சொட்டுக் கரண்ட் போதும், அதுவும் உங்கள் உடம்பு வழியாகத்தான் பாய்கிறது. இருக்கிறதா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல அது ஆகாது.

மோட்டாரை ஆஃப் செய்துவிட்டு, மெயின் சுவிட்ச் பியூஸ் தாண்டிய முனைகளில் மேலே சொன்னபடி கிளிப் மாட்டி, மூன்று ஜோடியையும் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி சரியாகவும் மற்ற இரண்டும் குறைவாகவும் காட்டினால், அந்த இரண்டுக்கும் பொதுவான பேஸ்தான் போயிருக்கிறது. அதே டிரான்ஸ்பார்மரில் பக்கத்துக் காட்டு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தால், அவர்கள் காயில் வழியாகவும் வோல்ட் திரும்பி வரும். அப்போது பூஜ்யம் காட்டாது, 300, 350 என்று இழுபறியாகக் காட்டலாம். ஏமாந்துவிடாதீர்கள்.

சிலர் ஹோல்டரில் பல்பு மாட்டி டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பார்கள். 230 வோல்ட் பல்பை இரண்டு பேஸுக்குக் குறுக்கே வைத்தால் 415 ஏறி முகத்தருகே வெடிக்கும். வேண்டாம். மூன்று பேஸும் சரியாக வந்தும் உறுமினால், அப்போது மெக்கரை வைத்து மோட்டாரைப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் மோட்டாரையோ கேபிளையோ சந்தேகப்படலாம். உங்கள் மீட்டரின் ஓம் அளவு இதற்குப் போதாது. அது சிறு பேட்டரியில் பார்க்கிறது, மெக்கர் 500 வோல்ட்டில் பார்க்கிறது.

"போன் ஸ்டார்டர் போர்டில் 5 வோல்ட்தான் இருக்கிறது என்கிறார்கள். அதைக் கரண்ட் இருக்கும்போதே மீட்டர் வைத்துப் பார்க்கலாமா?"
*– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்*

போர்டில் சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்து, அதிலிருந்து 5 வோல்ட் எடுத்திருந்தால், அந்தப் பகுதியில் ஆபத்து குறைவு. ஆனால் விலை குறைந்த டைமர், லெவல் கண்ட்ரோலர் போர்டுகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஒரு கண்டென்சரை வைத்தே வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். அங்கே பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 5 வோல்ட்தான். பூமிக்கும் அதற்கும் நடுவே 230. மீட்டர் 5 என்று காட்டும், விரல் பட்டால் 230 அடிக்கும். செவ்வகமான தடித்த பிளாஸ்டிக் கண்டென்சர் மெயின் வயர் நுழையும் இடத்தில் இருந்து, டிரான்ஸ்பார்மர் எதுவும் தெரியவில்லை என்றால், கரண்டோடு தொடவே வேண்டாம்.

வேறு வகைப் போர்டில் உருளையான 400 வோல்ட் கண்டென்சர் ஒன்று இருக்கும். ஆஃப் செய்த பிறகும் அதில் 325 வோல்ட் டி.சி. தங்கும். ரெசிஸ்டரால் இறக்கிவிட்டுத் தொடுங்கள். ஐ.சி. கால்களுக்கு நடுவே ஊசி நழுவினால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, போர்டு போய்விடும். அதற்கும் அதே மருந்துதான்: கறுப்பைக் கிளிப்பால் மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையால் பிடியுங்கள்.

"மானியத்தில் 5 எச்.பி. சோலார் பம்ப்செட் போட்டோம். கண்ட்ரோலர் ஏதோ எரர் காட்டுகிறது. பேனலில் வோல்ட் வருகிறதா என்று நானே பார்க்கலாமா?"
*– ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்*

வேண்டாம் என்பதுதான் என் பதில். பேனலின் பின்பக்கத் தகட்டில் திறந்த சுற்று வோல்ட் எழுதியிருக்கும், 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பேனல் வரிசையாக இணைத்திருந்தால் 675 வோல்ட். குளிர்ந்த காலை வெயிலில் இன்னும் ஏறும். உங்கள் மீட்டரும் ஊசியும் 600-க்கு மேல் தாங்காது என்றால், வைத்த இடத்திலேயே வெடிக்கும்.

இது டி.சி. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறுவதால், ஊசியை எடுத்தால் பொறி பெரும்பாலும் அணைந்துவிடும். சோலாரில் இறங்கவே இறங்காது. ஊசியை இழுக்க இழுக்கத் தீயும் நீண்டுகொண்டே வரும். ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கினாலும் இதே கதைதான். இன்னொன்று, பேனலுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. டி.சி. ஐசோலேட்டரை இறக்கினால் கண்ட்ரோலருக்குப் போவது நிற்கும். பேனலில் இருந்து ஐசோலேட்டர் வரையிலான வயரில் வெயில் இருக்கும்வரை வோல்ட் இருக்கும்.

பிரதமரின் குசும் திட்டத்தில் போட்ட பம்ப்செட்டுக்கு 5 ஆண்டு பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. திரையில் காட்டும் எரர் எண்ணைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் அசையாவிட்டால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நீங்கள் பெட்டியைத் திறந்தால், 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடும்.

"சோலார் வேலியில் ஷாக் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாமா?"
*– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்*

கூடாது. வேலிக் கருவி நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் துடிப்பாகப் பல ஆயிரம் வோல்ட்டை அனுப்புகிறது. மீட்டர் அதை அளக்காது, எரிந்துபோகும். வேலிக்கென்றே விளக்கு வைத்த டெஸ்டர் விற்கிறார்கள். பூமியில் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் கம்பியில் தொட்டால் எத்தனை ஆயிரம் என்று விளக்கு காட்டும். வேலி வேலை செய்யவில்லை என்று வீட்டுக் கரண்டை நேரடியாகக் கம்பியில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது யானையையும் கொல்லும், விறகு பொறுக்க வந்த ஆளையும் கொல்லும். சட்டப்படி கைதும் உண்டு.

கேள்வி அனுப்புகிறவர்கள் மோட்டார் தகட்டில் எழுதியிருப்பதையும், ஸ்டார்டர் பெட்டியின் உட்புறப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். படம் எடுக்கும்போது மெயின் ஆஃபில் இருக்கட்டும்.